ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: முகப்பருவும் சீன மூலிகையும்

(மலேசியாவின் பினாங்கில் நடந்த இளைஞர் நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றித் தொடக்கி வைத்த டத்தோ அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்தாரே, மாணவிகளைப் பேருந்தில் அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்கு முன் பேசிய டாக்டர் அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம். போன ஆண்டு இரத்ததான முகாமுக்கு முதல் ஆளாக வந்து கை நீட்டியவர் நம் டத்தோ. இந்த மேடையில் அதைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். பருவுக்குச் சீன மூலிகை கேட்குமா? கடையில் வாங்கும் களிம்புக்குள் என்ன இருக்கிறது? பருவுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன உறவு?

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எதற்கெடுத்தாலும் “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பார். மருந்துக்கும் அதுதான் சட்டம் என்பேன் நான்.

சீன வைத்தியம் நேற்று முளைத்ததல்ல. சியன்லோங் பேரரசர் காலத்தில், 1742-இல், அரசவை மருத்துவர்கள் தொகுத்த பெருநூலில் முகப்பருவுக்கென்றே ஒரு கஷாயம் இருக்கிறது. நுரையீரல் சூடு முகத்தில் ஏறுகிறது என்பது அவர்கள் கணக்கு. லோகாட் இலை, மல்பெரி வேர்ப்பட்டை, நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிற அதே அதிமதுரம் எல்லாம் அதில் சேரும். டான்ஷென் என்கிற செவ்வேரின் சாரத்தை இன்றும் அங்கே பருவுக்குக் கேப்சூலாகக் கொடுக்கிறார்கள்.

கேட்குமா? பரு தானாக ஏறும், தானாக இறங்கும். இறங்குகிற வாரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பேர் போகும். அதனால் ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் மருந்தைக் கொடுத்து, இரண்டு பக்கமும் பருக்களை எண்ண வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு காக்ரன். 2015-இல் வந்த அதன் மதிப்பாய்வு, மூலிகை, அக்குபங்சர் என்று பருவுக்கான பல மாற்று வைத்தியங்களைப் பற்றிய 35 ஆய்வுகளை, 3,227 பேரின் கணக்கை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தலைமை தாங்கியவர்கள் பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். தங்கள் வைத்தியத்தையே தராசில் வைத்தார்கள். அந்த நேர்மையை நான் கும்பிடுகிறேன். மூலிகைக்குப் போதுமான சான்று இல்லை என்று எழுதினார்கள். பலனே கிடையாது என்று சொல்லவில்லை. அளந்தது பற்றாது என்றார்கள்.

ஒழுங்காக அளந்தால் மூலிகை ஜெயிக்கும் என்பதற்கும் சீனாவே சாட்சி. தூ யூயூ அம்மையார் மலேரியாவுக்கு மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றை எடுத்தார். கொதிக்க வைத்தால் சத்து கெடுகிறது என்று கண்டு, குறைந்த சூட்டில் ஈதர் என்கிற கரைப்பானில் பிரித்தார். 2015-இல் நோபல் பரிசு வாங்கினார்.

இப்போது என் அக்கா மகள் கதை. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. கன்னம் முழுக்கப் பரு. அக்கா தூங்கவில்லை, மாமா தூங்கவில்லை, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மட்டும் நன்றாகத் தூங்கினார்கள். யாரோ சொன்னார்கள் என்று பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) ஒரு டப்பா வாங்கி வந்தாள். பச்சைக் களிம்பு, மூலிகை வாசனை, மூடியில் ஒரு பூப்படம். எழுத்து என்று ஒன்றும் கிடையாது. நாலே நாளில் முகம் கண்ணாடி மாதிரி ஆனது. “மாமா, நீங்கதான் எதையும் நம்ப மாட்டீங்களே, இப்பப் பாருங்க!” என்று என் முன்னால் வந்து நின்றாள். நானும் பார்த்து மகிழ்ந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். அக்கா இன்னும் இரண்டு டப்பா வாங்கி வைத்தாள். இரண்டாம் மாதம் முகம் சிவந்தது, எரிந்தது, ஒரே அளவில் கடுகு கொட்டியதுபோல் பொரிந்தது. டாக்டர் பார்த்ததும், “எவ்வளவு நாளா ஸ்டீராய்டு பூசுறே?” என்றார். “ஐயோ, இது மூலிகை டாக்டர்!” என்றாள். தாலி கட்டும்போது முகத்தில் அரை அங்குல ஒப்பனை. அந்தப் படங்களை அவள் இன்றுவரை பார்ப்பதில்லை.

ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கும், வீக்கத்தை அமுக்கும். பிறகு தோலை மெலிய வைத்து, தானே பருவைக் கிளப்பும். 1999-இல் லண்டன் மருத்துவர்கள், நோயாளிகள் பூசிவந்த 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தார்கள். எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு இருந்தது! அது எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறோம்; பெற்ற பிள்ளை முகத்தில் எதைப் போடுகிறோம் என்று தெரிய வேண்டாமா?

அதனால்தான் பொட்டலத்தின் மேல் தமிழிலும் எழுது என்று ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். இந்நாட்டில் பதிவான பாரம்பரிய மருந்தில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், கடைசி எழுத்து ‘டி’ (T). அது போதாது. உள்ளே இருப்பதைப் பாட்டிமாரும் படிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவருக்கு டான்ஷென் சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம். தெரியாத மொழியில் அதை அச்சிட்டு யாருக்கு என்ன லாபம்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டைப் பற்றி டாக்டர் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் தமிழ் கேட்கும் மனு வாசலில் நீல மேசையில் இருக்கிறது. பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் எழுத்தில்லாத டப்பா இருந்தால் தூக்கி எறியாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.