நான்கு பிடியில் நின்ற பாட்டு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எரேசர்ஹெட்ஸ் என்ற ராக் குழுவின் 'கட்டர்பில்லோ' ஆல்பம் பிலிப்பைன்ஸ் மக்கள் மனத்தில் இடம்பிடித்தது வரிகளாலா, இசையாலா? இசையால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தோழி, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமன் வளாகத்தில் உருவான இந்த நால்வரும் மாணவர் பேசுகிற தகாலோக் மொழியில், ஆங்கிலம் கலந்து பாடினார்கள், அதுதான் காரணம் என்றார். ஆல்பம் வந்தது 1995-இல். அந்த மொழி அப்போது புதிதா? 1970-களிலேயே ஹாட்டாக் குழு இரண்டையும் கலந்து பாடிவிட்டது. 'மணிலா சவுண்ட்' என்று அதற்குப் பெயரே உண்டு. ஹுவான் டெ லா க்ரூஸ் பேண்ட் 1973-இல் தகாலோக்கில் ராக் பாடியது. இருபது வருடம் புழங்கிய மொழியைப் புதுமை என்று சொல்ல முடியாது, நடுவர் அவர்களே.

புதுமை எங்கே என்று கிட்டாரை எடுத்துக் காட்டலாம். இந்த ஆல்பத்தின் உச்சம் 'ஆங் ஹூலிங் எல் பிம்போ'. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. கார்ட், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பிடி, என்னவோ ஜி, ஏ, சி, மறுபடி ஜி, அவ்வளவுதான். இரண்டாம் கம்பியை மட்டும் கவனியுங்கள். ஜி-யில் அது விரல் வைக்காத திறந்த கம்பி. ஏ மேஜரில் இரண்டாம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் இருக்கும் கட்டம்), சி-யில் முதல் ஃப்ரெட், பிறகு மறுபடி திறந்த கம்பி. நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் அந்தர காந்தாரம், பிரதி மத்திமம், சுத்த மத்திமம், அந்தர காந்தாரம். இரண்டு மத்திமமும் அடுத்தடுத்து வந்து இறங்குகிற அந்த இடத்தில்தான் ஏக்கம் இருக்கிறது!

கற்றுக்கொள்பவர் தவறுவதும் அங்கேதான். ஜி ஸ்கேலுக்கு இயல்பானது என்று ஏ மைனர் பிடித்தால் பிரதி மத்திமம் போய்விடும், பாட்டு சப்பென்று ஆகிவிடும். ஜி-யை நான்கு விரலால் பிடித்து இரண்டாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினாலும் அந்த இறக்கம் அறுந்துபோகும். மூன்று விரல் ஜி போதும். புதிதாகக் கிட்டார் தொட்டவருக்கும் கைக்குள் அடங்குகிற பாட்டு இது. கேட்டவர்களையே வாசிப்பவர்களாக மாற்றியது அந்த எளிமை.

"கதை உருக்குகிறதே?" என்பார்கள். உருக்குகிறது, மறுக்கவில்லை. பாரலுமன் என்ற பழைய நடிகையின் சாயலில் ஒரு சிறுமி, அவள் கற்றுத்தரும் நடனம், பின்னாளில் மணிலாவின் எர்மிட்டா பகுதியில் பாத்திரம் கழுவும் வாழ்க்கை, இருட்டுச் சந்தில் வண்டி மோதிச் சாவு. ஆனால் அவள் சாகும் இடத்தில்கூட கார்ட் மாறவில்லை. சிறுவயதில் அவர்கள் ஆடியபோது சுழன்ற அதே நான்கு பிடிதான் அங்கேயும் சுழல்கிறது. வேறொரு மெட்டில் இந்தக் கதை வெறும் துயரச் செய்தியாக நின்றிருக்கும்.

1997-இல் இந்தப் பாட்டின் வீடியோ எம்டிவி ஆசியா பார்வையாளர் விருதை வென்றது. அதை என் கட்சிக்குச் சேர்க்க மாட்டேன். அதில் இயக்குநர் அவுரேயஸ் சொலிட்டோவின் காட்சிகளுக்கும் பங்கு உண்டு.

நான் நீட்டும் சான்று 2005-இல் வந்த 'அல்ட்ராஎலெக்ட்ரோமேக்னெட்டிக்ஜாம்' தொகுப்பு. எரேசர்ஹெட்ஸ் பாடல்களைப் பிறர் பாடியது. அதில் 'எல் பிம்போ'வைப் பாடியவர் ரிக்கோ ஜே. புனோ. ஆங்கிலப் பாட்டுக்கு நடுவே தகாலோக்கைச் சேர்த்துப் பாடி 1970-களில் பெயர் வாங்கியவர். கலப்பு மொழியில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவரும் இந்த மெட்டைத் தேடி வந்து பாடினார். அடுத்து எழப்போகும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.