சிஓபிடி: மூச்சை இழுப்பதைவிட விடுவதில்தான் விஷயம்

[திரையில்: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடிப் படிக்கட்டில் நின்று கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கும் பெரியவர்]

வணக்கம். மூச்சு வாங்கும்போது வாயைத் திறந்து இன்னும் காற்றை உள்ளே இழுக்கத்தான் தோன்றும். சிஓபிடி எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் அது எதிராகவே முடியும். சுருங்கிப்போன மூச்சுக்குழாய்கள், மூச்சு விடும்போது சீக்கிரம் மூடிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். நிறைந்த குடத்தில் மேலும் எவ்வளவு ஊற்ற முடியும்?

அதனால் முதலில் காற்றை வெளியே விடப் பழகுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுங்கள். சூடான கோப்பியை ஆற்ற ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். முக்கித் தள்ள வேண்டாம். குவிந்த உதடு கொடுக்கும் லேசான தடைதான் குழாய்களைத் திறந்து வைக்கிறது.

படியேறும்போது நின்று இழுங்கள், விட்டுக்கொண்டே ஏறுங்கள். எந்த வேலையிலும் பலம் போடும் நொடியில் மூச்சு வெளியே போகவேண்டும்.

[திரையில்: சமையலறை ஜன்னல், ஈரத்துணி தொங்கும் மூங்கில் கழி]

இந்தக் கழியைக் கவனியுங்கள். கையைத் தூக்கினாலே மூச்சுக்கு உதவும் தோள், கழுத்துத் தசைகள் வேறு வேலைக்குப் போய்விடும். கூடவே ஈரத்துணியின் பாரம். இதை வீட்டில் வேறொருவரிடம் விடுங்கள், அல்லது இடுப்பளவு உயரமுள்ள ஸ்டாண்டில் உட்கார்ந்தபடி காயப்போடுங்கள். குளிப்பதும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

[திரையில்: இன்ஹேலரும் ஸ்பேசரும், நெருக்கமாக]

அழுத்தும் வகை இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, அதற்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் குழாயான ஸ்பேசரில் பொருத்துங்கள். முழு மூச்சையும் விட்டபின் வாயில் வைத்து உதட்டால் இறுக மூடுங்கள். ஒருமுறை மட்டும் அழுத்தி, மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்குங்கள். இரண்டாவது தேவையென்றால் அரை நிமிடமாவது கழித்து, மறுபடி குலுக்கி எடுங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசரின் சுவரில்தான் ஒட்டும்.

பலர் தவறுவது கழுவும்போது. பிளாஸ்டிக் ஸ்பேசரைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, தானாகக் காயவிடுங்கள். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். விட்டுவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரலாம்.

சாம்பிராணியும் ஊதுபத்தியும் புகைதான். சாமி அறையில் விளக்கு மட்டும் ஏற்றுங்கள். புகைமூட்டக் காலத்தில் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் 24 மணி நேரக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடைப்பயிற்சி வேண்டாம். வீட்டுக்குள் நடங்கள். நடையை அடியோடு நிறுத்தினால் கால் தசை தளரும், பிறகு சிறு வேலைக்கே மூச்சு வாங்கும்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் மூச்சு வாங்குகிறதே என்று அளவைத் தாமாகக் கூட்டக் கூடாது. சிலருக்கு அதனால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் வரும்.

சளி அதிகமாகி, நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அன்றே பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சிறைப்பு, நீலம் பாய்ந்த உதடு, குழப்பமான பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 995-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்கவைக்காமல், மேசைமேல் தலையணை வைத்து முன்பக்கம் சாய்ந்து உட்காரச் செய்யுங்கள்.