உங்க வீட்டை வாங்கப்போறவர் பேரு உங்க பத்திரத்துலயே இருக்கு! புரோக்கர் இல்லாம வீடு விக்கறது எப்படி? வடசென்னை ஸ்பெஷல்

(திரையில்: பழைய கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கம்)

பீரோவுல இருக்கற வீட்டுப் பத்திரத்தை எடுங்க. கடைசிப் பக்கத்துக்குப் போங்க. 'சொத்து விவரம்'னு இருக்கும். அதுக்குக் கீழ நான்கெல்லை எழுதியிருப்பாங்க. வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் மனை, கிழக்கே தெரு, மேற்கே இன்னார் வீடு. உங்க வீட்டுக்கு எல்லாரையும் விட அதிக விலை குடுக்கக்கூடிய ஆளு அந்த நாலு வரிக்குள்ள இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா நம்மாளுங்க என்ன பண்றோம்? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, நேரா புரோக்கருக்குப் போன் போடறோம்.

வணக்கம் மக்களே. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர்னு நம்ம ஏரியாவுல சொந்த வீடு வெச்சிருக்கவங்களுக்காகவே இந்த வீடியோ.

மொதல்ல கணக்கு. புரோக்கர் கமிஷன் பொதுவா விக்கறவங்ககிட்ட ஒரு சதவீதம் இல்ல ரெண்டு சதவீதம், வாங்கறவங்ககிட்டயும் அதே மாதிரி. 60 லட்ச ரூபா வீட்டுக்கு ரெண்டு சதவீதம்னா 1,20,000. ரெண்டு பக்கமும் சேர்த்தா 2,40,000. வாங்கறவர் ஏற்கெனவே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்னு 5,40,000 ரூபாய அரசாங்கத்துக்குக் கட்டப் போறாரு. கமிஷன் அதுக்கும் மேல. அதனால நேரடியா பேசும்போது நீங்க 50,000 குறைச்சுக் குடுத்தாலும் ரெண்டு பேருக்குமே லாபம். வாங்க வர்றவர்கிட்ட இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதியே காட்டுங்க. பேரம் பேசற தொனியே மாறிடும்.

புரோக்கர் தொழிலை நான் தப்பு சொல்லல. வெளியூர்ல இருந்துகிட்டு இங்க வீட்டை விக்கறவங்களுக்கு அவங்க தேவை. ஆனா நீங்க அதே தெருவுல குடியிருந்தா, ஆள் கூட்டிட்டு வர்ற வேலையை நீங்களே செய்யலாம்.

சரி, நான்கெல்லைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

(திரையில்: பழைய வண்ணாரப்பேட்டை சந்து, ஒட்டி ஒட்டி நிக்கற வீடுகள்)

நம்ம ஏரியா மனைங்களைப் பாருங்க. தெருவைப் பார்த்த அகலம் 15 அடி, நீளம் 50 அடி. மொத்தம் 750 சதுர அடி, ஒரு கிரவுண்டுல, அதாவது 2,400 சதுர அடியில, மூணுல ஒரு பங்கு கூட இல்ல. பக்கத்துச் சுவரும் நம்ம சுவரும் ஒண்ணா நிக்கும். வெளியாளு இதைப் பார்த்தா என்ன சொல்லுவாரு? "சின்ன மனைங்க, கார் நிறுத்த முடியாது, இடிச்சுக் கட்டினாலும் மாடிப்படிக்கே பாதி இடம் போயிடும்"னு சொல்லி விலையைக் குறைப்பாரு. அவர் சொல்றதுல நியாயமும் இருக்கு.

இப்ப அதே மனையைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால பாருங்க. அவர்கிட்டயும் 15 அடிதான் இருக்கு. உங்களுதையும் வாங்கிட்டா 30 அடி அகலம், 1,500 சதுர அடி. கீழ கார் நிறுத்தலாம், படிக்கட்டு போக மேல ரெண்டு குடும்பம் தாராளமா இருக்கலாம். பையனுக்குக் கல்யாணம் ஆனா தனிக்குடித்தனம் வெக்க வியாசர்பாடி, பெரம்பூர்னு வாடகை வீடு தேட வேணாம். உங்க 15 அடியை வாங்கும்போது அவரோட பழைய 15 அடிக்கும் மதிப்பு ஏறுது. ஊர்ல வேற யாருக்கும் இந்த லாபம் கிடையாது. அதனாலதான் சொல்றேன், சதுர அடிக்கு நூறு, இருநூறு கூடக் குடுக்க அவருக்கு மட்டும்தான் காரணம் இருக்கு.

இன்னொருத்தரை எல்லாரும் மறந்துடுவாங்க. பின்பக்கத்து வீட்டுக்காரர்! அவர் வாசல் அடுத்த தெருவுல இருக்கும். உங்க பின்சுவரும் அவர் பின்சுவரும் ஒண்ணு. அவர் வாங்கினா ரெண்டு தெருவுக்கும் வாசல். ஒரு பக்கம் குடியிருக்கலாம், இன்னொரு பக்கம் கடை போடலாம். எம்.சி. ரோடு மாதிரி கடைத்தெருவை ஒட்டின சந்துன்னா இது எவ்ளோ பெரிய விஷயம்னு துணிக்கடை வெச்சிருக்கவங்களுக்குத் தெரியும். பல வருஷமா முதுகோட முதுகு ஒட்டி இருந்தும், அவர் முகத்தையே நாம சரியா பார்த்திருக்க மாட்டோம். போய்ப் பேசுங்க.

எப்படிப் பேசறது? கெஞ்சற மாதிரியும் போகக்கூடாது, பெருமையாவும் போகக்கூடாது. இப்படிச் சொல்லிப் பாருங்க.

"அண்ணே, வீட்டைக் குடுக்கறதா முடிவு பண்ணிட்டோம். மொதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். ஒரு மாசத்துக்கு வெளியில போர்டு வெக்கல. வீட்டுல கலந்து பேசிட்டு சொல்லுங்க."

அவர் உடனே, "நமக்கு எதுக்குப்பா, காசு எங்க இருக்கு"ன்னுதான் சொல்லுவாரு. நம்பாதீங்க. அன்னிக்கு ராத்திரியே அவங்க வீட்டுல அளவு டேப்பை எடுத்து சுவரை அளப்பாங்க. ஒரு வாரத்துல அண்ணி வந்து, "கடைசியா என்ன விலை சொல்றீங்க?"ன்னு கேப்பாங்க. ஒரு மாசம்னு கெடு வெச்சதாலதான் அது நடக்கும். கெடு இல்லைன்னா ஒரு வருஷம் ஆனாலும் பார்க்கலாம், பார்க்கலாம்தான்.

பக்கத்து வீட்டோட சண்டையா? பொதுச்சுவர் தகராறு, சாக்கடைத் தகராறு ஏதாவது இருக்கா? அப்பவும் கேளுங்க, தெருவுல பொதுவான பெரியவர் ஒருத்தர் மூலமா. வேற ஒருத்தர் வந்து மூணு மாடி எழுப்பி, தன் வீட்டு வெளிச்சத்தை மறைச்சிடுவாரோங்கற பயம் அவருக்கும் இருக்கும்.

அப்பார்ட்மென்ட்ல இருக்கவங்களுக்கு எதிர் பிளாட், மேல் பிளாட்தான் நான்கெல்லை. அதே கணக்குதான்.

இது புதுசாத் தெரிஞ்சா ஒரு லைக் போடுங்க, வீட்டுப் பத்திரம் வெச்சிருக்கற அக்கா, தங்கச்சி, மச்சானுக்கு எல்லாம் அனுப்புங்க. அவங்க கையெழுத்துதான் அடுத்த விஷயமே.

புரோக்கர் இல்லாத விற்பனை எங்க உடையுதுன்னா, ஆள் கிடைக்காம இல்ல, பேப்பர்லதான். நம்ம ஏரியாவுல பல வீடு இன்னும் தாத்தா பேர்லயே இருக்கு. அப்பா உயில் எழுதாம இறந்துட்டாருன்னா, இந்து குடும்பத்துல அவர் சொந்தமா சம்பாதிச்ச வீடு அம்மா, பசங்க, பொண்ணுங்க எல்லாருக்கும் சம பங்கு. பாட்டி உயிரோட இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. "அக்காவுக்கு அப்பவே சீர் செஞ்சாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க"ன்னு சொல்றதை எந்த வக்கீலும், எந்த பேங்கும் ஏத்துக்காது. அக்கா வந்து கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும், இல்ல முன்னாடியே தன் பங்கை விட்டுக்குடுக்கறதா விடுதலைப் பத்திரம் பதிஞ்சு குடுக்கணும். என் கருத்தைக் கேட்டா, அவங்க பங்கை மனசாரக் குடுத்துட்டுக் கையெழுத்து வாங்குங்க. அது அவங்க உரிமை.

தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி, தண்ணி வரி ரசீது, ஈபி கார்டு, பிளான் அப்ரூவல், வாரிசுச் சான்று எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு, நீங்களே ஒரு வக்கீல்கிட்ட குடுத்து லீகல் ஒபினியன் வாங்கி வெச்சுக்கங்க. வாங்கறவர் கேக்கறதுக்கு முன்னாடியே அது உங்க கையில இருந்தா, பாதி சந்தேகம் வாசல்லயே தீர்ந்துடும். பேங்க் லோன் போடறவருக்கு பேங்க் வக்கீல் தனியா பார்ப்பாரு. பிளான் இல்லாத பழைய வீடுன்னா லோன் குறையலாம், மறுக்கவும் செய்யலாம். அதை மொதல் நாளே சொல்லிடுங்க.

இப்ப ரொம்ப முக்கியமான இடம், தயவுசெஞ்சு தள்ளி விடாதீங்க. அடிமனை!

வீடு உங்களுது, நிலம் வேற ஒருத்தருது. கோயிலுக்கோ டிரஸ்டுக்கோ தனியாருக்கோ அடிமனை வாடகை கட்டிட்டு இருப்பீங்க. திருவொற்றியூர் பக்கம் கோயில் நிலத்துல தலைமுறை தலைமுறையா வீடு கட்டி இருக்கற குடும்பங்க நிறைய. இந்த மாதிரி குடியிருக்கவங்களைக் காப்பாத்தறதுக்காக 1921லயே சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. நிலத்தை வாடகைக்கு எடுத்துக் கட்டடம் கட்டினவரை நிலச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னா, கட்டடத்துக்கு இழப்பீடு உண்டு. அந்த நிலத்தையே விலைக்குக் குடுக்கச் சொல்லி கோர்ட்டுல கேக்கவும் வழி இருந்துச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடி இப்படி ஒரு சட்டம்! படிச்சப்போ எனக்கு அவ்ளோ ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா 1996ல கொண்டு வந்த திருத்தம், மத நிறுவனங்களோட நிலத்தை இதுல இருந்து எடுத்துடுச்சு. அதனால கோயில் அடிமனையில இருக்கவங்க கட்டடத்தைத்தான் பேச முடியும், நிலத்தை விக்க முடியாது. தெரியாம நிலத்தோட சேர்த்துக் கிரயம் எழுதிட்டுப் போனா சார்பதிவாளர் பதிய மாட்டாரு, வாங்கின அட்வான்ஸுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். அடிமனை வீட்டுல இருக்கவங்க உங்க கேள்வியை எழுதுங்க, தனி வீடியோவே போடறேன்.

ஹவுசிங் போர்டு, இல்ல முன்னாடி குடிசை மாற்று வாரியம்னு இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய ஒதுக்கீட்டு வீடா இருந்தா, தவணை முடிச்சு வாரியம் உங்க பேருக்குக் கிரயப் பத்திரம் குடுத்திருக்கணும். ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வெச்சு விக்காதீங்க.

விலை எப்படி வெக்கறது? பழைய வீட்டுக்கு மனை விலைதான் பேசுவாங்க, அதை ஏத்துக்கங்க. பதிவுத்துறை இணையதளத்துல உங்க தெருவோட வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்கு அரசாங்கம் வெச்சிருக்கற மதிப்பு இருக்கு, அதுக்குக் கீழ இறங்காதீங்க. அதே தளத்துல உங்க தெருவுல சமீபத்துல கைமாறின வீட்டோட சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கம் பாருங்க. கைமாற்றுத் தொகைன்னு ஒரு கட்டம் இருக்கும், எவ்ளோக்குப் பதிஞ்சாங்கன்னு தெரிஞ்சுடும். டீக்கடையில சொல்ற விலையை விட இது உருப்படியானது. 2021 பிப்ரவரியில மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல இருந்து டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி பக்கம் எல்லாரும் ஸ்டேஷனைக் காட்டி விலை சொல்றாங்க. நடந்து எத்தனை நிமிஷம்னு நீங்களே நடந்து பார்த்துட்டு சொல்லுங்க.

போர்டுல 'நேரடி விற்பனை, புரோக்கர்கள் தவிர்க்கவும்'னு எழுதினாலும் மொதல்ல போன் பண்றது புரோக்கராத்தான் இருக்கும். ஒரே கேள்வி போதும்: "உங்க பேர்லதான் பதியறீங்களா?" போர்டுல மனை அளவு, தெருவைப் பார்த்த அகலம், எந்தத் திசை வாசல்னு மூணும் எழுதுங்க. லீசுக்குக் குடியிருக்கவங்க இருந்தா அவங்ககிட்டயும் கேளுங்க. அவங்களே வாங்கினா லீஸ் பணம் அப்படியே விலையில கழிஞ்சிடும்.

ஆள் கிடைச்சாச்சு. இங்கதான் ஜாக்கிரதை வேணும்.

"பவர் எழுதிக் குடுங்க சார், மத்ததை நாங்க பார்த்துக்கறோம்"னு, உங்களுக்குப் பதிலா கையெழுத்துப் போடற அதிகாரத்தை யாராவது கேட்டா எழுந்து வந்துடுங்க. கிரயப் பத்திரம் பதியாம வெறும் பவரை வெச்சு வித்தா சொத்துரிமை மாறாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2011லயே சொல்லிடுச்சு. உங்க பேர்ல இருக்கற வீட்டுக்கு நீங்களே போய்க் கையெழுத்துப் போடுங்க. ஒரிஜினல் பத்திரத்தைக் காட்டலாம், கையில குடுத்து அனுப்பக் கூடாது. ஜெராக்ஸ் குடுத்தா யாருக்கு, எதுக்கு, எந்தத் தேதின்னு குறுக்கால எழுதிக் குடுங்க.

அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவே கூடாது. வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். பேங்க் மூலமா வாங்குங்க. கிரய உடன்படிக்கையில மீதிப் பணம் எந்தத் தேதிக்குள்ள வரணும், வரலைன்னா அட்வான்ஸ் என்ன ஆகும்னு தெளிவா எழுதி, அதைப் பதிவும் பண்ணுங்க. தேதி போடாத அக்ரிமென்டை வெச்சுத்தான் உங்க வீட்டையே மேல விலை வெச்சு இன்னொருத்தருக்குக் கைமாத்தப் பார்ப்பாங்க.

வரியை வேகமா சொல்லிடறேன். விலை 50 லட்சமோ மேலயோ இருந்தா வாங்கறவர் 1 சதவீதம் பிடிச்சு உங்க பான் நம்பர்ல கட்டணும். ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்த வீட்டுல வந்த லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கினதுன்னா, பணவீக்கக் கணக்கோட 20 சதவீதம் போட்டுப் பார்த்து எது குறைவோ அது. அந்த லாபத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள வேற வீடு வாங்கினா விலக்கு உண்டு. ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை உட்கார்ந்து பேசிடுங்க.

பதிவு அன்னிக்கு ராயபுரமோ திருவொற்றியூரோ மாதவரமோ, உங்க சார்பதிவாளர் ஆபீசுக்கு ஆதார், பான், ரெண்டு சாட்சியோட போங்க. டிடியோ பேங்க் டிரான்ஸ்பரோ, மீதிப் பணம் வந்து சேர்ந்ததை உறுதி பண்ணிட்டு அப்புறம் கைரேகை வைங்க. "நாளைக்குப் போட்டு விடறேன்"னா பதிவையும் நாளைக்கு வெச்சுக்கங்க.

சாவி குடுக்கற அன்னிக்கு ஈபி மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வாங்கினவருக்கு அனுப்புங்க. அந்த அரையாண்டு சொத்து வரியும் தண்ணி வரியும் யார் கட்டறதுன்னு அங்கயே பேசி முடிங்க. மூணுக்கும் பெயர் மாத்தற மனுவை அவரோட சேர்ந்து அதே வாரத்துல குடுத்துடுங்க, இல்லைன்னா கார்ப்பரேஷன் நோட்டீஸ் வித்த வீட்டுக்கும் உங்க பேர்லயே வரும்.