தட்டுவது எந்த மொழி?

நேயர்களுக்கு வணக்கம். கைப்பேசிக்குச் செயலிகள் எழுதுவது என் தொழில். நீங்கள் தட்டுவது தமிழா ஆங்கிலமா என்பது ஒரு செயலிக்கு எப்படித் தெரிகிறது என்று கொஞ்சம் பேசலாம்.

அது எதற்குத் தெரிய வேண்டும்? எஸ்எம்எஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு செய்திக்கு 160 எழுத்து. நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் அது 70 ஆகிவிடும். அந்த எழுபதும் நாம் எண்ணுகிற எழுபது அல்ல. ‘நாளைக்கு’ நமக்கு நாலு எழுத்து, கைப்பேசிக்கு எட்டு. ந, அதன் கால், ள, அதன் ஐகாரக் குறி, க, புள்ளி, மறுபடி க, உகரக் குறி. இதையெல்லாம் கணக்கில் எடுக்காத செயலி ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். செய்தி இரண்டாகப் போகும், காசும் இரண்டுக்குப் போகும்.

பல செயலிகள் கைப்பேசியின் மொழி அமைப்பைப் பார்த்ததோடு நின்றுவிடுகின்றன. நம் ஊரில் அது உதவாது. போன் ஆங்கிலத்தில் இருக்கும், அம்மாவுக்குப் போகும் செய்தி தமிழில் இருக்கும்.

சரி, விசைப்பலகையையே கேட்டால்? கேட்கலாம், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வழி உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு விசைப்பலகையும் தன் மொழிகளைத் தானே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் கேட்டவருக்கு வெறுங்கைதான். ஐபோனில் இன்னொரு வேடிக்கை. பொம்மை முகங்களின் பலகை திறந்திருக்கும்போது ‘என்ன மொழி’ என்று கேட்டால், ‘இமோஜி’ என்று பதில் வரும்!

அதனால் நான் நம்புவது, தட்டும் பெட்டிக்குள் வந்து விழும் எழுத்தைத்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொது முறைக்கு யூனிகோடு என்று பெயர். அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். ‘க’ என்றால் 2965. வந்த எண் இதற்குள் இருந்தால் தமிழ், அவ்வளவுதான். இந்தியில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சுலபம் கிடையாது. இந்தி, மராத்தி, நேபாளி மூன்றுக்கும் ஒரே தேவநாகரி வரிசை. அங்கே எண்ணை வைத்து மொழியைச் சொல்ல முடியாது, விசைப்பலகையின் பதில்தான் கைகொடுக்கும். பெட்டி காலியாக இருக்கும்போதும் அப்படியே. அந்தப் பதிலை ஓர் ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நம்முடைய தங்கிலீஷ், அதாவது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது. என், ஏ, எல், ஏ, ஐ என்று தட்டி ‘நாளை’ என்று முடிப்பவர் விஷயத்தில் விசைப்பலகையும் ஆங்கிலம் என்கிறது, எண்ணும் ஆங்கிலம் என்கிறது, எழுதுவதோ தமிழ். சொற்பட்டியலோடு ஒப்பிட்டு ஓரளவு கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்ததும் தானாகவே தமிழ் எழுத்துக்கு மாற்றிவிடும் கெட்டிக்காரத்தனம் மட்டும் எனக்குப் பிடிக்காது. அப்படித் தட்டுகிறவர் தெரிந்தேதான் தட்டுகிறார். தமிழ் வடிவத்தைக் கீழே ஓர் ஓரமாகக் காட்டினால் போதும்; வேண்டுமானால் தொடட்டும்.

இந்தச் சோதனை எல்லாம் கைப்பேசிக்குள்ளேயே முடிகிற வேலை. தட்டியதை வெளியே அனுப்பத் தேவையே இல்லை. ஐபோனில் வெளியார் விசைப்பலகை ஒன்று முழு அணுகல் கேட்டால், நீங்கள் தட்டுவதை அதனால் இணையத்தில் அனுப்ப முடியும் என்று அர்த்தம். யோசித்து அனுமதி கொடுங்கள். கடவுச்சொல் பெட்டிக்கு வந்ததும் ஐபோனே அந்தப் பலகையை ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

நன்றி, வணக்கம்.