பக்கெட் மேல் ஏறினால் கடல்

வணக்கம். போன ஊரில் தங்கிய இடத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தில் கூப்பிட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது புதுச்சேரியில் ஒரு சின்ன விடுதி. கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. பெயர் சொல்ல மாட்டேன், ஏனென்று நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

மொத்தம் ஏழு அறை. ஆனால் கதவுகளில் இருக்கும் எண்கள் 1, 2, 3, 5, 6, 9, 11. நாலு எங்கே தம்பி என்று கேட்டேன். "அது இப்ப சமையக்கட்டு சார்." ஏழும் எட்டும் மற்ற அறைகளுக்குக் குளியலறையாகப் போய்விட்டனவாம். பத்து என்ன ஆனது என்பது அங்கே யாருக்குமே தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆறரை. 'காந்தி சிலைகிட்ட இறங்கிடுங்க, அங்கேர்ந்து பக்கம்தான்' என்று போனில் சொல்லியிருந்தார்கள். ஆட்டோக்காரரிடம் அப்படியே சொன்னேன், அவர் சிரித்தார். சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டியே விடமாட்டார்கள், ஊரே காலாற நடக்கிற நேரம் அது. ஆக, சுண்டல் விற்பவர்களுக்கும் ஐஸ்கிரீம் குழந்தைகளுக்கும் நடுவே, 1836-இல் முதன்முதலாக விளக்கேற்றிய அந்தப் பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, சக்கரம் ஒன்று உடைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் பார்த்தார்கள்.

நான் எடுத்தது 11-ஆம் அறை. 'கடல் பார்த்த அறை' என்று ஐந்நூறு ரூபாய் கூடுதல். உள்ளே போய் ஜன்னலைத் திறந்தால் முற்றம், துளசிமாடம், கொடியில் காயும் தலையணை உறைகள். கடல் எங்கே தம்பி? பையன் ஒன்றும் பேசாமல் என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போனான். பக்கெட்டைக் கவிழ்த்தான். "ஏறிப் பாருங்க சார்." ஏறினேன். உயரத்தில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியே, இரண்டு மதில்களுக்கு இடையில், ஒரு கையகலத்துக்கு நீலம். அலைகூடத் தெரிந்தது. பொய் சொல்லிவிட்டார்கள் என்று சண்டைபோட வழியில்லை.

சரி, திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. விடுதி கட்ட வேண்டும் என்று நினைத்துக் கட்டிய கட்டடம் இல்லை அது, ஒரு குடும்பம் இருந்த வீடு. மேலே பார்த்தால் தேக்கு உத்திரங்கள், அதற்கு மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. கூரை அவ்வளவு உயரத்தில் இருப்பதால் மின்விசிறி ஒரு ஆள் நீளக் கம்பியில் தொங்கிக்கொண்டு ஆடுகிறது, முதல் நாள் ராத்திரி அதற்கு நேர் கீழே படுக்கப் பயந்து கட்டிலை நகர்த்திக்கொண்டேன். ஏசி போட்டால் அந்த உயரத்தை நிரப்பவே அதற்கு விடிந்துவிடும். வயசான முதலாளியம்மா சொன்னார்கள், "ஏசியை அணைச்சுட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து வச்சு, மரக்கதவை மட்டும் சாத்திக்கோங்க தம்பி." அந்த மரக்கதவில் சாய்வாகப் பட்டைகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து கண் நுழையாது, காற்று நுழையும். கடல்காற்று அதன் வழியாக வந்து, மேலே இருக்கும் காற்றுத்துளை வழியாகச் சூட்டைத் தள்ளிக்கொண்டு போகிறது. மே மாதத்தில் போர்வை தேடினேன் என்றால் நம்புங்கள்.

அதே காற்றில்தான் உப்பும் வருகிறது. இரண்டாம் நாள் காலை பூட்டு இறுகிவிட்டது, நான் துண்டோடு உள்ளே. பட்டை இடுக்கு வழியாகப் பையனுக்குச் சாவியைக் கொடுத்தேன், அவன் தேங்காய் எண்ணெயும் கோழி இறகும் கொண்டுவந்து அரைமணி நேரம் வைத்தியம் பார்த்தான். மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டுமாம். இந்த மாதம் மறந்துவிட்டதாம். கதவு திறந்தபோது கீழே பொங்கல் தீர்ந்திருந்தது, அதுதான் இன்னும் ஆறவில்லை எனக்கு.

பக்கத்து அறையில் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண்குழந்தை பிளாஸ்டிக் வாளி, மண்வெட்டியெல்லாம் கொண்டுவந்திருந்தது. கடற்கரைக்குப் போய்ப் பார்த்தால் சுவர்போலக் கொட்டிய கருங்கல்! அழுகையான அழுகை. விடுதிக் காவல்காரப் பெரியவர், தான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே மணலில் ஓடி விளையாடியதாகச் சொன்னார். உண்மைதான். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக 1980-களில் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள், மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்ததைக் கடல் தின்றது, மிச்சத்தைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். அப்புறம் 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே இரும்பில் பெரிய ஆப்பு மாதிரி ஒன்றைச் செய்து கடலில் இறக்கினார்கள். அலையின் வேகம் அதில் குறைகிறது, மணல் திரும்பி வந்து படிகிறது.

பெரியவர் குழந்தையை அங்கே கூட்டிப்போகச் சொன்னார். "தண்ணியில இறங்க விடாதீங்க, உள்ளே இழுக்கும்," என்றும் சொன்னார். சாயங்காலம் அந்த வாளி நிறைய மணலோடு வந்தது, மாடிப்படி முழுக்கச் சிந்திக்கொண்டே. முதலாளியம்மா துடைப்பத்தோடு பின்னால் போனார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிளம்பும்போது பில்லில் கடலுக்கான ஐந்நூறு அப்படியே இருந்தது. பூட்டுக் கதையை ஞாபகப்படுத்தினேன். அம்மா கொஞ்சம் யோசித்து, பேனாவால் இருநூறைக் கழித்தார்கள். பொங்கலுக்கு? அதற்கு ஒன்றும் இல்லை.

நன்றி, வணக்கம்.