பூனைக்கு இனிப்பு நீர்: எந்த இன்சுலின், எந்த ஊசி?

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் (குடியிருப்பு) வீடு. பிரிட்ஜ் கதவு திறக்கிறது.]

வணக்கம். நம் வீட்டு பிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் பாட்டியின் இன்சுலின் இருக்கும். பூனைக்கும் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், என்று தெரிந்ததும், "இதையே கொஞ்சம் போட்டால் என்ன?" என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பாட்டிக்குத் தந்தது, வேகமாக வேலை செய்வதையும் மெதுவாக வேலை செய்வதையும் சேர்த்த கலவை இன்சுலினாக இருக்கலாம். பூனையின் உடல் இன்சுலினைச் சீக்கிரம் செலவழித்துவிடும், அதனால் அதற்கு நின்று வேலை செய்யும் மருந்துதான் வேண்டும்.

[காட்சி: இரண்டு பாட்டில்கள். ஒன்று தெளிவு, ஒன்று கலங்கல்.]

தெளிவாக இருப்பது கிளார்ஜின். மனிதர்களுக்காக வந்த மருந்துதான், ஆனால் பூனைகளுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. பாட்டிலில் அமிலத் தன்மையோடு இருக்கும். தோலுக்கடியில் போனதும் நுண்துகள்களாகப் படிந்து, மெல்ல மெல்லக் கரையும். அதனால் இதில் தண்ணீரோ வேறு இன்சுலினோ கலக்கவே கூடாது.

கலங்கலாக இருப்பது புரோட்டமின் ஸிங்க் இன்சுலின். விலங்குகளுக்கென்று விற்கும் புரோஸிங்க் இந்த வகை. குலுக்காமல் உள்ளங்கையில் மெதுவாக உருட்டுங்கள். கேனின்சுலின் என்ற இன்னொரு விலங்கு இன்சுலினும் கிடைக்கும், ஆனால் பல பூனைகளுக்கு அதன் வேகம் 12 மணி நேரம் தாங்காது.

[காட்சி: இரண்டு சிரிஞ்சுகள், மிக அருகில்.]

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். கிளார்ஜின் வழக்கமாக யூ-100, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். புரோஸிங்க், கேனின்சுலின் இரண்டும் யூ-40, ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட்தான். சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு வேறு. யூ-40 சிரிஞ்சில் யூ-100 மருந்தை "1" என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 2.5 யூனிட். சின்ன உடம்புக்கு அது உயிராபத்து. பார்மசியில் வாங்கும்போதே சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள்.

நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் என்றாலும் பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு ஊசி. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும் முன் 6 மணிக்கு ஒன்று, மாலை 6 மணிக்கு ஒன்று. பூனை சாப்பிடவில்லையா? ஊசி போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தள்ளாடினால், துவண்டு விழுந்தால், ஈறில் தேன் தடவிவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

[காட்சி: பூனைத் தட்டு.]

அப்புறம் சாப்பாடு. சோற்றில் நெத்திலியைப் பிசைந்து வைப்பது நம் வழக்கம். ஆனால் சோற்றில் மாவுச்சத்து அதிகம். மாவுச்சத்து குறைந்த டின் உணவோடு சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகிறது. ஆனால் உணவு மாறியதும் இன்சுலின் தேவை சட்டென்று இறங்கலாம். சோற்றை எப்போது நிறுத்தப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அளவை அவர் குறைத்துத் தருவார்.