அக்டோபரில் பினாங்கு போகலாமா? தாராளமாகப் போகலாம்

[திரையில்: மலேசிய வரைபடம், மேற்குக் கரையோரம் ஒரு சின்னத் தீவு]

"மழைக்காலத்தில் மலேசியா பக்கமே போகாதே" என்று யாராவது சொன்னால், எந்தக் கரையைச் சொல்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்குவது கிழக்குக் கரையை. பெர்ஹெந்தியான் தீவில் அப்போது பெரும்பாலான விடுதிகளையே பூட்டிவிடுவார்கள். மேற்கே இருக்கும் பினாங்கின் கணக்கு வேறு. வடகிழக்குக் காற்றை நடுவிலுள்ள மலைத்தொடர் மறிக்கிறது, தென்மேற்குக் காற்றை இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு மறிக்கிறது, அதனால் இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான், முக்கியமாகச் செப்டம்பர், அக்டோபரில், இங்கே மழை அதிகம். அதிலும் நாள் முழுக்க நசநசவென்று தூறுவது குறைவு. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வரும், கொஞ்ச நேரம் அடித்துப் பெய்துவிட்டு ஓய்ந்துவிடும். எப்போதும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 2017 நவம்பரில் ஒரே இரவு மழையில் தீவின் பல பகுதிகள் மூழ்கின.

[திரையில்: சூலியா தெரு, கடைவீடுகளுக்கு முன்னால் நீளும் நடைபாதை]

சரி, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்குவது? ஒதுங்கவே வேண்டாம், நடந்துகொண்டே இருக்கலாம். பழைய கடைவீடுகளின் மாடி முன்னால் நீண்டு வந்து தூண்களில் நிற்க, அதன் கீழே ஓடும் கூரையிட்ட பாதைக்கு இங்குள்ள தமிழர்கள் சொல்லும் பெயர் அஞ்சடி. கடைக்கு முன்னால் இப்படி ஒரு பாதை விட்டே தீர வேண்டும் என்று 1822-இல் சிங்கப்பூருக்கு, அதை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் விதி வந்தது, அப்புறம் இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் அதே பாணிக்கு வந்துவிட்டன. இடம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லாருக்கும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் இஷ்டத்துக்குத் தளம் போட்டிருப்பார்: ஒரு வீட்டு முன்னால் பூப்போட்ட வழவழப்பான ஓடு, அடுத்த வீட்டில் திடீரென்று அரையடி இறக்கம், அதற்கடுத்து மோட்டார் சைக்கிள், சுவரில் சிவப்புச் சாமிமாடமும் புகையும் ஊதுபத்தியும். ஈரக்காலோடு அந்த ஓட்டில் கால் வைத்தால் வழுக்கும், தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், பின்பட்டி வைத்த சாண்டல் போடுங்கள். இன்னொன்று, அஞ்சடிக்கும் சாலைக்கும் நடுவே சாக்கடை ஓடும், பல இடங்களில் மூடி கிடையாது. தெருவில் தண்ணீர் நிற்கும்போது அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அதனால் மேலேயே நில்லுங்கள்.

முதுகுப்பைக்கு வெளியே மாட்டும் மழை உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். துணிகளைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதைப் பைக்குள் வையுங்கள். அறையில் கயிறு கட்டிக் காயவைத்தால் மறுநாளும் ஈர நாற்றம்தான். தெருவுக்குத் தெரு 'டோபி' என்று பலகை வைத்த சுயசேவைச் சலவைக் கடை இருக்கிறது, காசு போட்டு உலர்த்தியில் தள்ளிவிட்டுப் பக்கத்தில் ஒரு தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் டீ) குடித்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: கப்பித்தான் கிளிங் மசூதியின் மினாரா, பின்னணியில் மழை]

மழை நேரத்தில் பார்க்க ஒரே தெரு போதும், ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். ஒரு முனையில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில், அதைத் தாண்டி 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் (கோபுரவாசல் பின்னாலிருக்கும் குயின் தெருவில், தேடி அலையாதீர்கள்), அப்புறம் 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய கப்பித்தான் கிளிங் மசூதி. சூலியா தெருப் பக்கம் திரும்பினால் நாகூர் ஆண்டவர் நினைவாக ஒரு சின்னத் தர்கா. வழிகாட்டிகள் இதை 'நல்லிணக்கத் தெரு' என்று விற்கிறார்கள், எனக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. ஒரே துறைமுகத்தில் பிழைக்க வந்தவர்கள் அவரவர் சாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பினாங்கு மலை ரயில் 1923 முதல் ஓடுகிறது. மேகம் இறங்கியிருந்தால் மேலே போய் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள், வானம் தெளிந்த காலையாகப் பார்த்துப் போங்கள்.

[திரையில்: மஞ்சள் கொடி கட்டிய தள்ளுவண்டிக் கடை]

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்த மாதங்களில் ஒரு லாபம் இருக்கிறது. சீனர்களின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் என்ற சீனத் தெய்வங்களின் திருவிழா; பக்தர்கள் வெள்ளை உடுத்தி, புலால் விட்டிருப்பார்கள், சைவக் கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும். கொடி தெரிந்தால் கேள்வி கேட்காமல் உட்காரலாம். இரண்டு கணக்குமே அமாவாசையை ஒட்டியது என்பதால் பல வருடங்களில் நவராத்திரியும் அதே நாட்களில் வந்துவிடும். 2023-இல் இரண்டும் அக்டோபர் 15 அன்று தொடங்கின. 2025-இல் சீன நாட்காட்டியில் ஒரு மாதம் கூடுதலாக வந்ததால் நவராத்திரி செப்டம்பரிலேயே தொடங்கிவிட, மஞ்சள் கொடி ஏற அக்டோபர் 21 ஆகிவிட்டது. ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன் பஞ்சாங்கத்தோடு சீன நாட்காட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் விடுதிப் படுக்கையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.